நிலத்துக்குள்ளும் உயரத்திலும் ஜியோகேச்: பல வருடம் வைத்துப் பார்த்ததில் எது தாங்கியது?

ஜியோகேச் என்பது ஒருவர் ஒளித்து வைத்து, இருப்பிட எண்களை இணையத்தில் போடும் பெட்டி; மற்றவர்கள் ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் லாக் தாளில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். ஒரு கேச்சின் இணையப் பக்கத்தைத் திறந்தால் வடக்கு, கிழக்கு என்று இரண்டு எண்கள் இருக்கும். உயரத்துக்கு எண் கிடையாது. தரையில் கிடக்கும் பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெட்டி பாலத்துக்கு அடியில் தொங்கும்போதோ, மரக்கிளையில் இருக்கும்போதோ, பழைய சுவரின் இடுக்குக்குள் போயிருக்கும்போதோ, தேடுகிறவர் சரியான புள்ளியில் நின்றுகொண்டே அரை மணி நேரம் வீணாகத் தேடுவார். ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் பல வருடமாக இந்த மாதிரி இடங்களில் கேச் வைத்தும் தேடியும் வருகிறேன். எந்தப் பெட்டி தாங்கியது, எந்தக் கயிறு நின்றது, எதை இனிமேல் வைக்கமாட்டேன் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நிலத்துக்குள் என்றதும் குழி தோண்டிப் புதைப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். விளையாட்டின் தொடக்கமும் அப்படித்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிறுத்தியது. உடனேயே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணுக்குள் இறக்கி வைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் போட்டார். இன்று அதே வாளியை அதே மாதிரி வைக்க முடியாது. கேச்சுக்காக மண்ணில் புதுக்குழி தோண்டக்கூடாது என்பது விதி. நிலத்துக்குச் சொந்தக்காரர் தெளிவாகச் சம்மதித்திருந்தால்தான் விலக்கு.

இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், அதுவும் ரூரில் இருப்பதால் இரண்டு மடங்கு. இரண்டாம் உலகப் போரில் இங்கே விழுந்து வெடிக்காமல் போன குண்டுகள் இன்றும் கட்டட வேலைகளின்போது கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அதற்கும் கீழே நிலக்கரிச் சுரங்கங்கள். கடைசிச் சுரங்கமான போட்ராப்பின் ப்ரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில்தான் மூடப்பட்டது. மேற்பரப்புக்கு அருகே தோண்டிய பழைய வழிகள் இடிந்து நிலம் திடீரென்று உள்வாங்குவதும் உண்டு. 2000 ஜனவரியில் போஹும் நகரின் வாட்டன்ஷைட் பகுதியில் ஒரு குடியிருப்புத் தெருவோரம் அப்படித்தான் பெரிய பள்ளமானது. இந்த மண்ணில் யாரையும் மண்வெட்டியோடு அலைய விடக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கேச் புதைந்திருந்தது என்று தெரிந்துவிட்டால், தேடுகிறவர் அடுத்த கேச்சிலும் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். பெட்டியை வைத்தவரும் அதற்குப் பொறுப்பு.

ஆகவே நான் நிலத்துக்குள் என்று சொல்வது ஏற்கனவே இருக்கும் வெற்றிடங்களைத்தான்: பழைய மதில் கற்களுக்கு இடையிலான இடுக்கு, மரவேரின் கீழ் உள்ள பொந்து, கைவிட்ட ரயில்பாதையின் இப்போது நீர் வராத கால்வாய், அனுமதியோடு போகக்கூடிய சிறு சுரங்கப்பாதை. மின்சாரப் பெட்டிகள் பக்கமே போவதில்லை. ஒருவர் மூடியைத் திறந்து கையை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

இப்படிப்பட்ட இடங்களில் ஜிபிஎஸ்ஸிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கேச் பக்கத்தில் வரும் எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர். கைத்தொலைபேசி திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குள் சொல்லும். பாறைச் சுவருக்குப் பக்கத்தில் சமிக்ஞை பட்டுத் திரும்பி வருவதால் அந்தக் கணக்கு கெடும். உயரம் இன்னும் மோசம். செயற்கைக்கோள்கள் எல்லாமே நமக்கு மேலே இருக்கின்றன, கீழிருந்து சரிபார்க்க ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்குள் சமிக்ஞையே வராது. சில ஆண்ட்ராய்ட் செயலிகள் கடல்மட்டத்துக்குப் பதிலாக, பூமியின் வடிவத்துக்குப் பொருத்திய ஒரு கணித நீள்வட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும், அது வேறு குழப்பம். ரூரில் அதனால் நாற்பது மீட்டருக்கும் மேல் கூடுதலாக வரும். இலங்கைக் கரையில் நேர் எதிர்: அங்கே புவியீர்ப்புப் பரப்பு, அதாவது புவியீர்ப்பால் அமையும் கடல்மட்டம், அந்த நீள்வட்டத்தைவிட உலகத்திலேயே அதிகமாகத் தாழ்ந்திருப்பதால், கடற்கரையில் நிற்கும்போதே தொண்ணூறு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் நிற்பதாகக் காட்டும். காற்றழுத்தமானி உள்ள கருவியும் முழுத் தீர்வு அல்ல. எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், ஆனால் மழை மேகம் ஒன்று வந்தாலே அதைவிட அதிகமாக மாறிவிடும்.

ஆகவே மூன்றாவது எண்ணைத் தர வேண்டியது கேச் வைக்கிறவர்தான். என் கேச் எல்லாவற்றிலும் ஹின்டின் (பக்கத்தில் கொடுக்கும் துப்பின்) முதல் சொல் மேலேயா கீழேயா என்பதைச் சொல்லிவிடும்: 'முழங்கால் உயரம்', 'கைக்கு எட்டும்', 'தலைக்கு மேல், ஏற வேண்டாம்'. புதிரைக் கெடுக்கிறேன் என்று சிலர் குறைப்படுவதுண்டு. இருக்கட்டும். என் மகள் கூட வந்தால் முதலில் கேட்பது, "அப்பா, இது மேலயா கீழயா?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கேச்சில் ஆட்கள் மதில் ஏறுவார்கள், கற்களைப் பிடுங்குவார்கள், கிளையை முறிப்பார்கள். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை கேச் இல்லாத இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். நிலத்துக்குள் எதிரி மழை அல்ல, காற்றில் இருக்கும் ஈரம். கோடையில் யாராவது சுரங்கப்பாதை வாசலில் பெட்டியைத் திறந்து எழுதிவிட்டு மூடுகிறார். வெளியிலிருந்த சூடான ஈரக்காற்று உள்ளே அடைபடுகிறது. அதைக் குளிர்ந்த சுவர் இடுக்கில் திரும்ப வைத்ததும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பது போல, பெட்டியின் உட்புறம் வியர்க்கும். மூடி எவ்வளவு இறுக்கமோ, அந்தத் தண்ணீர் வெளியே போவதும் அவ்வளவு கஷ்டம். பெரிய பெட்டி என்றால் அடைபடும் காற்றும் அதிகம், நீரும் அதிகம். சிலிக்கா ஜெல் பை போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அது ஈரத்தால் நிறைந்து சும்மா கிடக்கும், யாரும் மாற்றுவதில்லை.

இதில் நன்றாகத் தாங்கியது பெட்லிங்தான். பிளாஸ்டிக் போத்தலாக ஊதுவதற்கு முன் இருக்குமே, தடித்த சுவருள்ள சோதனைக் குழாய் வடிவம், அதை ஜேர்மன்காரர்கள் இப்படி அழைப்பார்கள். உள்ளே லாக் தாளை உருட்டி வைத்தால் காற்றுக்கு இடமே மிஞ்சாது. ஆளுக்கு ஆள் மூடியை முறுக்கினாலும் திருகுமரை தேய்வதில்லை. கழுத்தில் ஒரு வளையம் இருப்பதால் கம்பியைச் சுற்றிக் கட்டலாம். ஒரே குறை, தாளைத் தடிப்பாக உருட்டி வைத்தால் விரலால் வெளியே எடுக்க முடியாது. தாளின் நடுவில் ஒரு மெல்லிய குச்சியைச் சேர்த்து உருட்டி, குச்சியின் நுனி வாயோடு சமமாக நிற்கும்படி விட்டால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. பழைய ஃபிலிம் டப்பாக்களை ஈரமான இடத்தில் வைக்கவே வேண்டாம், மூடி நீர் காக்காது. ராணுவத்தின் பழைய இரும்பு ரவைப்பெட்டி திறந்த காட்டில் அருமையானது. குகை வாசலில் வைத்தால், கீறல் விழுந்த இடமெல்லாம் துரு பிடிக்கும்.

இன்னொரு விஷயம்: உள்ளே இருப்பது தெரியும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், வெளியே ஜியோகேச் என்று எழுதி ஒட்டுங்கள். பாலத்துக்குக் கீழே இரு பக்கமும் அடைத்த கறுப்புக் குழாய் தொங்கினால், வழிப்போக்கர் காவல்துறையைக் கூப்பிடுவது நியாயமானதுதான். பல நாடுகளில் நடந்தும் இருக்கிறது.

காந்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பூச்சு உரிந்த நியோடிமியம் காந்தம் ஈரத்தில் சாம்பல் நிறத் துகளாக உதிர்ந்துவிடும். கறுப்பு ஃபெரைட் காந்தம் பலம் குறைந்தது, ஆனால் துரு பிடிக்காது. ஈரமான இரும்புத் தூணுக்கு ஃபெரைட்தான்.

செங்குத்து கேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்க் குழாய். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பிவிசி குழாய் ஒன்றை நிமிர்த்தி, இடத்தின் சொந்தக்காரர் அனுமதித்த கம்பி வேலியில் கட்டியிருக்கிறேன். அடிப்பக்கம் அடைத்தது, பக்கங்களில் வெவ்வேறு உயரத்தில் சிறு ஓட்டைகள். உள்ளே அடியில் பெட்லிங் கிடக்கும், கை எட்டாது. ஒருவர் விரல்களால் ஓட்டைகளை அடைத்துக்கொள்ள, மற்றவர் மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். சுமார் இரண்டு லிட்டர் போனால் நிரம்பும், ஒழுகுவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பக்கத்தில் சிற்றோடை இருப்பதால் தண்ணீருக்குக் கவலையில்லை. பெட்லிங் மிதந்து மெதுவாக மேலே வந்து வாயில் தலை காட்டும் அந்தக் கணத்துக்காகக் குழந்தைகள் கத்துவார்கள். தனியாக வருகிறவர் எடுப்பது கஷ்டம், அதைக் கேச்சின் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இந்த மாதிரிக் குழாய்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், பனிக்காலத்தில் வெடித்தவை ஏராளம். உள்ளே தங்கிய நீர் உறைந்து விரியும், குளிரில் பிவிசி வேறு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். என்னுடையது வருடக்கணக்கில் நிற்கக் காரணம் ஒரே ஒரு ஓட்டை. குழாயின் ஆக அடியில், மூடியோடு ஒட்டினாற்போல் ஒன்று போட்டிருக்கிறேன். எல்லோரும் விரலை எடுத்ததும் கடைசிச் சொட்டு வரை தானாக வடிந்துவிடும். நாலு மில்லிமீட்டர் போதும். அதைவிடப் பெரிதானால் ஊற்றும் வேகத்துக்கு ஈடாக ஒழுகும், சிறிதானால் இலைத்தூள் அடைத்துக்கொள்ளும். அப்படியும் இலையுதிர்காலத்துக்குப் பிறகு ஒருமுறை கம்பியால் குத்தித் துப்புரவு செய்தே ஆக வேண்டும். மேலே தளர்வான மூடி ஒன்று இருந்தால் பாதி வேலை மிச்சம்.

மரங்களில் இங்கே மூன்று வழி. நீட்டிக்கும் மீன்தூண்டில் கோலால் கொக்கியை எட்டி எடுப்பது முதலாவது. ஜேர்மனியில் இது சர்வசாதாரணம், தேடுகிறவர் கோலைக் கொண்டு வரவேண்டும். இரண்டாவது, கப்பியும் கயிறும்: தரையில் இருந்தே இறக்கி எழுதிவிட்டுத் திரும்ப ஏற்றலாம். சாதாரண நைலோன் கயிறு வெயிலில் சில கோடைகளில் பலவீனமாகி, கிளையில் உரசும் இடத்தில் அறுந்துபோகும். டைனீமா என்ற பலமான செயற்கை இழைக் கயிறு நன்றாக நிற்கிறது. ஆனால் கயிறு நேராகக் கிளையில் ஓடினால் பட்டையை அறுத்துவிடும். கப்பியை அகலமான பட்டியில் தொங்கவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியைத் தளர்த்த வேண்டும். கிளை உயரே நகராது, பருமன்தான் கூடும், இறுகிய பட்டி மரத்துக்குள் புதைந்துவிடும். ஆணி அடிப்பது கூடவே கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அந்தப் பெட்டியைக் கழற்றி வைப்பேன்.

மூன்றாவது கயிற்றில் ஏறுவது, சிறப்புக் கருவி வேண்டியதால் நிலப்பரப்பு 5 (போய்ச் சேரும் கஷ்டத்தின் உச்ச அளவு) என்று மதிப்பிடுவார்கள். இதைப் பற்றி ஒன்று மட்டும்: முறையாகக் கற்றுக்கொள்ளாமல், கூட ஒரு ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். இடுப்புப் பட்டியில் அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. கற்றுக்கொள்ள நல்ல இடம் டூயிஸ்பூர்க்கில் உண்டு. 1985இல் மூடிய இரும்பாலை இப்போது பூங்காவாக இருக்கிறது. அங்கே தாது கொட்டிவைத்த கொங்கிரீட் தொட்டிகளின் சுவர்களில் ஜேர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தின் உள்ளூர்க் கிளை ஏறும் பாதைகள் அமைத்திருக்கிறது. உயரமும் ஆழமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்புகிறவர்கள் விண்வெளிக்குப் போய்வந்த வீடியோ கேம் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் காரியட் வைத்த கேச்சுகளைப் பார்க்கலாம்: ஒன்று அத்திலாந்திக்கில் சுமார் 2300 மீட்டர் ஆழத்தில், இன்னொன்று 2008இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில்.

நீர்வழிகளைப் பற்றி மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. 2018 ஜூனில் பிராக் நகரில் மூடிய ஓடைக்குள் கேச் தேடிப் போன ஜேர்மன் குழு ஒன்றை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போய் இருவர் இறந்தார்கள். உள்ளே இருப்பவருக்கு மேலே மழை பெய்வது தெரியாது, பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்ததும் அங்கேதான் வந்து சேரும். தண்ணீர் ஓடும் குழாய்க்குள் நான் கேச் வைப்பதும் இல்லை, தேடுவதும் இல்லை.

சுரங்கப்பாதை கேச்சுக்கு இன்னொரு காலக்கெடுவும் உண்டு. வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் குகைகள், சுரங்கங்கள், நிலவறைகளுக்குள் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை போகக்கூடாது என்று ஜேர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் 39ஆம் பிரிவில் சொல்கிறது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அவை சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது, பனிக்காலத்தில் ஈடுசெய்யப் பூச்சிகள் கிடைக்காது. கேச்சின் இணையப் பக்கத்தில் எச்சரிக்கை மட்டும் போட்டால் போதாது, எப்படியும் யாராவது வருவார்கள். பெட்டி அங்கே இல்லாமல் இருப்பதுதான் வழி. அதனால் செப்டம்பர் கடைசி வாரம் கேச்சை இடைநிறுத்திவிட்டு, பெட்லிங்கை வீட்டுக்கு எடுத்து வருவேன். திருகுமரையைக் கழுவி, தாளை மாற்றி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று வாளித் தண்ணீரில் ஒரு இரவு அமிழ்த்திப் பார்த்துவிட்டு, ஏப்ரல் முதல் வாரம் திரும்ப வைத்துவிடுவேன்.