டொபர்மன் குட்டி வாங்கப் போறவங்க, "ஹார்ட் செக் பண்ணியாச்சு" என்ற கடதாசியை நம்பிக் காசு கொடுக்காதீங்க

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் டொபர்மன் நாய் கரியன் போன மாதம் செத்துப்போனான். நாலு வயதுதான்.

கண்டிப் பக்கத்துக் கென்னல்காரர் ஒருவரிடம் 90,000 ரூபாவுக்கு வாங்கிய குட்டி. தாய், தகப்பன் இரண்டுக்கும் இதயத்தில் குறையில்லை என்று கையெழுத்துப் போட்ட கடதாசியைக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் பேரம்கூடப் பேசாமல் கொடுத்தேன்.

ஒருநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்த என் பின்னாலேயே படி ஏறினான். ஏழாவது படியில் பின்கால் இரண்டும் மடிந்து சரிந்துவிட்டான். பல் முரசு வெளிறிக் கிடந்தது. அரை நிமிடத்தில் தானாக எழும்பி, ஒன்றும் நடக்காதது மாதிரி வாலை ஆட்டினான்.

வான் பிடித்து, கினிகத்தேனை வளைவெல்லாம் அவனை மடியில் அணைத்தபடி பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். எக்கோ ஸ்கேனில் வைத்தியர் காட்டினார்: இறுகிச் சுருங்க வேண்டிய இடது கீழறை, காற்றுப்போன பை மாதிரி மெல்ல அசைந்தது. டைலேட்டட் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை பலவீனமாகி அறை விரிந்துபோகிற நோய். டொபர்மனுக்குப் பரம்பரையாக வருகிற வருத்தம். ஐரோப்பாவில் 412 டொபர்மன்களைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 58 நாய்க்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது என்று கணக்கு வந்திருக்கிறது. கரியன் மருந்தோடு பதினொரு கிழமை இருந்தான்.

பிறகுதான் அந்தக் கடதாசியை ஒழுங்காக வாசித்தேன். பார்த்தபோது தகப்பன் நாய்க்கு 14 மாதம். பார்த்தது ஸ்டெதஸ்கோப் வைத்து மட்டும். இந்த நோய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே வளரும். சில நாய்களுக்குத் திடீர்ச் சாவுதான் முதல் அறிகுறி. அதனால்தான் 3 வயதிலிருந்து வருடா வருடம் எக்கோவும், 24 மணித்தியாலம் உடம்பில் கட்டிவிடுகிற ஹோல்டர் ஈசிஜியும் செய்யச் சொல்கிறார்கள். ஹோல்டரில் கீழறையிலிருந்து வரும் தப்புத் துடிப்பு ஒரு நாளில் 300ஐத் தாண்டினால் நோய் என்றே எடுப்பார்கள். மரபணுச் சோதனை கிளியர் என்று காட்டினாலும் இந்த இரண்டுக்கும் ஈடில்லை.

வெளியே தெரியாத கட்டத்திலேயே பிடித்தால் பிமோபென்டன் மாத்திரை இருக்கிறது. 2012இல் வெளியான ஆய்வில், இதயம் செயலிழக்கும் வரை அல்லது திடீர்ச் சாவு வரை, மாத்திரை எடுத்த டொபர்மன்களுக்கு இடையக் கணக்கில் (பாதி நாய்களுக்கு இதைவிடக் குறைவு, பாதிக்குக் கூட) 718 நாள், எடுக்காதவைக்கு 441 நாள். அந்த 277 நாள்தான் என் நெஞ்சை அறுக்கிறது.

கென்னல்காரருக்குப் போன் எடுத்தேன். "மலை ஏத்தத்துல ஓட விட்டிருப்பீங்க தம்பி, குளிரும் ஒத்துக்காது" என்றார். மலையும் குளிரும் இந்த நோயைத் தருவதில்லை. அதே ஈற்றில் குட்டி வாங்கிய நாவலப்பிட்டி அக்கா ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவருடைய நாய் மூன்றரை வயதில் தூக்கத்திலேயே போய்விட்டதாம். அதை அன்றைக்கே அந்த மனுசனிடம் சொல்லியும் இருக்கிறார். எனக்கு ஒரு போன் வரவில்லை. வந்திருந்தால் கரியனை அப்போதே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருப்பேன்.

குட்டி பார்க்கப் போனால், தாய் தகப்பனுக்கு என்ன சோதனை, எத்தனை வயதில், கடைசியாக எந்தத் திகதியில் என்று கேளுங்கள். எக்கோ, ஹோல்டர் அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த ஈற்றில் எட்டுக் குட்டிகள். மிச்சம் ஆறு எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. 2020 கடைசியில் கண்டிப் பக்கம் டொபர்மன் குட்டி வாங்கியவர்கள் யாராவது இதைப் பார்த்தால், நன்றாகத்தானே ஓடித் திரிகிறது என்று இருந்துவிடாமல் இந்தக் கிழமையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.