600 எச்பி சரி, எத்தனை நிமிஷத்துக்கு?

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பியிருந்தார். 2006 டாட்ஜ் ராம் 2500 பிக்கப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், காமன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் முறை), பெரிய டர்போ, மாற்றிய இன்ஜெக்டர், டியூன் (அந்தக் கம்ப்யூட்டரில் செய்த மாற்றம்), "டைனோவில் (சக்தி அளக்கும் இயந்திரத்தில்) 600 எச்பி". நீங்கள்தான் வருஷக்கணக்காகக் கம்மின்ஸ் வைத்து டிரெய்லர் இழுக்கிறீர்களே, இந்த எஞ்சின் அவ்வளவு தாங்குமா என்று கேட்டார். நான் என் வண்டிக்குக் கிளட்ச் மாற்றி பில் கட்டிய அதே வாரம் இது. அதனால் கீழே கொஞ்சம் காரம் தூக்கலாகத்தான் இருக்கும்.

என்னுடையது 1997 ராம் 2500, அதே 5.9 கம்மின்ஸின் பழைய 12 வால்வு வடிவம், ஐந்து கியர் மேனுவல். கம்பெனி கொடுத்தது 215 எச்பி. பம்ப் எவ்வளவு டீசல் ஊற்றலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபியூல் பிளேட்டை முன்னால் தள்ளி, இன்ஜெக்டர் மாற்றி, டைமிங்கை (டீசல் பாயும் நேரத்தை) கொஞ்சம் ஏற்றியபின் இப்போது ஏறத்தாழ 350 இருக்கும். வீடு ஃபீனிக்ஸில். கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஏறுவதுதான் இதற்கு முக்கிய வேலை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது. இந்த எஞ்சினைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, கிராங்க்குக்கு ஏழு மெயின் பேரிங், ஃபோர்ஜ் செய்த கனெக்டிங் ராடுகள். டைமிங் பெல்ட்டும் கிடையாது, செயினும் கிடையாது, முழுக்கப் பல்சக்கரம். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி ஆறு ஹெட் போல்ட். ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் அது நான்குதான். அதில் பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றினால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் பிய்த்துக்கொள்ளும் என்பது டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த எஞ்சின் சேர்ந்த கம்மின்ஸ் பி வரிசை பிக்கப்புக்காகப் பிறந்ததே இல்லை. கேஸ் டிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து, வயலிலும் லாரியிலும் நாள் முழுக்க உழைப்பதற்காக வடிவமைத்தது. ஜம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா 1613, 2515 லாரிகளில் வந்ததும் இதே 5.9 லிட்டர் குடும்பம்தான். நம்மூர் ஹைவேயில் அதன் பின்னால் போகாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே நண்பர் கேட்டதற்கு நேர் பதில், தாங்கும். 600 வரை பிளாக், கிராங்க், ராடு எதையும் தொடவேண்டியதில்லை என்பது இதில் கை வைக்கும் மெக்கானிக்குகள் பலரும் சொல்வது. எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த 1613 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 16 டன் லாரி, 130 எச்பி. ஏறக்குறைய அதே எஞ்சினை உல்லாசப் படகுகளுக்குக் கம்மின்ஸே 370 எச்பிக்கு விற்றது. டர்போ தள்ளும் காற்றைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் அதற்கு இருந்தது, முழு வேகத்தில் ஓடும் நேரமும் குறைவு. லாரிக்கு 130, படகுக்கு 370. செய்தவர்களே வேலை நேரத்தைப் பார்த்துத்தான் எண் போட்டிருக்கிறார்கள். மாற்றம் செய்த வண்டியை விற்பவர்கள் மட்டும் நேரத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு வரும் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

டைனோவில் ஒரு ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். எஞ்சின் சூடாகவே நேரமில்லை. ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயின்ட் வரை ஒரு ஏற்றம் இருக்கிறது. கோடையில் வெளியே 43 டிகிரி செல்சியஸ், பின்னால் டிரெய்லர், கால் ஆக்சிலரேட்டரில் அழுத்தியபடியே. அந்த மேட்டில் நான் பார்ப்பது ஸ்பீடோமீட்டரை அல்ல, எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால் துளை போட்டு அதன் உணரி முனையைப் பொருத்தியிருக்கிறேன். 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 677 செல்சியஸ், தொடர்ந்து ஓட்டுவதற்கு அதுதான் எல்லை என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். அலுமினியம் உருகுவதே 660இல். அப்படியும் பிஸ்டன் பிழைப்பதற்குக் காரணம், அந்தச் சூட்டு வாயு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரமே அதைத் தொடுகிறது, கீழிருந்து ஆயில் பீய்ச்சியடித்துக் குளிர்விக்கிறது. ஐந்து நொடி 1,400ஐத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கால் மணி நேரம் அங்கேயே நின்றால் அந்த ஆயிலால் சமாளிக்க முடியாது.

பெட்ரோல் எஞ்சினில் ஓரளவுக்கு மேல் எரிபொருள் கூடினால் சூடு குறையும். டீசலில் நேர் எதிர். கூடுதல் டீசல் என்றால் கூடுதல் சூடு. காற்று போதாவிட்டால் மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். என் வண்டியின் பி7100 டீசல் பம்பில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பிளேட்டைத் தள்ளினால் அது கேள்வி கேட்காமல் டீசலை ஊற்றும். டர்போவோ பழைய ஹெச்எக்ஸ்35தான், அதன் அளவுக்குத்தான் காற்று தரும். மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது, முள் இன்னும் சீக்கிரம் ஏறுகிறது. ஐந்தாவது கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை சுகமாக இருக்கும் அந்த நேரம் பார்த்து முள் 1,300ஐத் தாண்டும். நான்காவதுக்கு இறங்கி 2,300இல் வைத்தால் காற்று கூடும், முள் இறங்கும். அப்புறமும் ஏறினால் காலை எடுக்கவேண்டியதுதான். ஆக மேட்டில் எனக்கு நிஜமாகக் கிடைக்கும் சக்தி 350 இல்லை. கம்பெனி கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மீதியெல்லாம் சமதளத்தில் ஓவர்டேக் செய்வதற்கு.

டைமிங்கை இன்னும் ஏற்றலாமே என்பார்கள். ஏற்றினால் எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், உண்மை. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி ஹெட் கேஸ்கட்டைத் தள்ளும். பெரிய டர்போ போடலாம். சிக்னலில் கிளம்பும்போது அது விழித்துக்கொள்ளும் வரை புகைதான். ஃபீனிக்ஸ் பகுதியில் எமிஷன் டெஸ்ட் இருக்கிறது என்பது ஒரு பக்கம். பின்னால் வருபவர் ஜன்னலுக்குள் கரும்புகையை அனுப்ப எனக்கு மனமில்லை என்பது இன்னொரு பக்கம். புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றிய டீசல் பிக்கப்புகள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ 2020இல் கணக்கிட்டது. அது சட்டவிரோதம். அதில் சேரும் எந்த வேலையையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதிகார பூர்வமான இழுவை அளவீட்டில் இந்த நேரக் கணக்கு இருக்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 சோதனைக்கு எங்கள் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம்தான் அளவுகோல். பதினொரு மைலுக்கும் மேல், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழுக்க ஓடவேண்டும், சுமையோடு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. டியூன் விற்பவர்கள் இதில் பாதி தூரம் ஏறிக் காட்டிவிட்டு எண்ணைச் சொன்னால் கைகூப்பி வாங்கிக்கொள்வேன்.

இப்போது கிளட்ச். பழையது கூடுதல் டார்க்கில் வழுக்க ஆரம்பித்ததும் ஒரு கடையில் "400 எச்பி வரை கவலையே வேண்டாம்" என்று சொல்லி ஒற்றை டிஸ்க் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார்கள். சமதளத்தில் பிரமாதமாகப் பிடித்தது. மேட்டில் டிரெய்லரோடு நின்று கிளம்பும்போது, கேம்ப் கிரவுண்டில் சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது சூடேறி வாடை வந்தது. பிறகு நான்காவதிலேயே வழுக்கல். கடையில் கேட்டால் ஓட்டும் முறை சரியில்லையாம். அதுவும் நேரத்தைச் சொல்லாத எண்தான். இப்போது இரட்டை டிஸ்க். விலையும் அதிகம், பெடலும் கனம், டிராஃபிக்கில் இடது முழங்கால் வலிக்கிறது.

எஞ்சினுக்கு அடுத்த கண்ணி எப்போதும் இப்படித்தான் உடையும். அதே வருஷம் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸோடு வந்த 12 வால்வுக்குக் கம்பெனி கொடுத்ததே 180 எச்பிதான். எஞ்சின் ஒன்றுதான், பாக்ஸுக்காகக் குறைத்தார்கள். இன்னொரு பலவீனமும் ஊரறிந்தது. முன்பக்க கியர் ஹவுசிங்கில் இருக்கும் சின்ன டவல் பின் (பொருத்து ஆணி) அதிர்வில் கழன்று பல்சக்கரங்களுக்கு நடுவே விழலாம். முன்மூடியைக் கழற்றி ஒரு தகடு வைத்து அதை அடைத்துவிட்டுத்தான் நான் சக்தி பக்கமே போனேன். 12 வால்வு வாங்குபவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அதைச் செய்யுங்கள்.

நண்பருக்குச் சொன்னது: எஞ்சின் தங்கம், அந்த வண்டி வேண்டாம். அவரும் டிரெய்லர் இழுக்கத்தான் கேட்கிறார். காமன் ரயிலில் ஒரு இன்ஜெக்டர் ஒழுகினால் போதும், அந்த ஒரு பிஸ்டனில் ஓட்டை விழும். 600 எச்பி டியூனில் அதற்கு அதிக நேரம் ஆகாது. கை வைக்காத ஒன்றாகத் தேடுங்கள் என்றேன். கிளட்ச் பில்லைப் பார்த்த கையோடு என் பிளேட்டையும் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம் என்றுதான் இந்த வாரம் தோன்றுகிறது. ஓவர்டேக் சுகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

அப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறார் என்று தெரியும். ஆகவே கடைசியாக இதையும் சொன்னேன். இரவு முழுக்க நின்ற எஞ்சினை உங்கள் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக ஆயில் ஊற்றும் துளையின் மேல் வையுங்கள். எகிறி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பைரோமீட்டர் இருந்தால் முனை டர்போவுக்கு முன்னாலா பின்னாலா என்று குனிந்து பாருங்கள், பின்னால் இருந்தால் சில நூறு டிகிரி குறைத்துக் காட்டும். பைரோமீட்டரே இல்லையென்றால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.