எர்டிக் மாளிகை, ரெக்ஸ்ஹாம்: வேலைக்காரங்க வாசல் வழியா ஒரு நாள்

போன சனிக்கிழமை அம்மாவ கூட்டிட்டு வேல்ஸ்ல இருக்க எர்டிக் மாளிகைக்கு போயிருந்தேன், லிவர்பூல்ல இருந்து கார்ல ஒரு மணி நேரம் தான். இந்த நாட்டுல நிறைய பங்களா பாத்தாச்சு, எல்லாத்துலயும் முன்வாசல்ல நுழைஞ்சு துரையோட கட்டில், துரைசானியோட கண்ணாடின்னு பாத்துட்டு வந்துடுவோம். இங்க நம்மள உள்ள விடுறதே வேலைக்காரங்க பக்கமா தான், தச்சுப்பட்டறை, லாயம், துணி துவைக்கிற இடம், ரொட்டி சுடுற இடம், சமையக்கட்டு எல்லாம் தாண்டி தான் பெரிய வீட்டுக்கே வர்றோம்.

சலவை ரூம்ல தான் ரொம்ப நேரம் நின்னோம். பெரிய மரப்பெட்டி, உள்ள பூரா கல்லு, அடியில உருளை, அந்த உருளையில துணிய சுத்தி வெச்சு பெட்டிய முன்னும் பின்னும் உருட்டிட்டே இருக்கணும், அந்த பாரத்துல தான் சுருக்கம் போகும். "ஏம்மா, இத நாள் பூரா உருட்டுனா தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்"னு அம்மா கேட்டுட்டே இருந்தாங்க.

அப்புறம் வேலைக்காரங்க ஹால்ல இருக்க ஓவியங்கள். இங்க இருந்த யார்க் குடும்பம் வேலைக்காரங்களையும் படமா வரைய வெச்சு, ஒவ்வொருத்தர் மேலயும் பாட்டு எழுதி மாட்டியிருக்காங்க. ஜேன் எப்ரெல்னு ஒரு பாட்டி, ஒட்டடை அடிச்சவங்க, 1793ல வரைஞ்சப்ப வயசு 87! 1852லயே போட்டோவும் எடுத்திருக்காங்க. மத்த வீடுகள்ல இப்படிப்பட்டவங்க பேரு கணக்கு நோட்டுல சம்பளத்துக்கு பக்கத்துல இருந்தாலே பெருசு, இங்க முகமே இருக்கு, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு, பாட்டெல்லாம் முதலாளி எழுதினது. அந்த பாட்டி என்ன நெனச்சாங்கன்னு அதுல தேடாதீங்க. இதே வீட்டுல சமையலயும் வீட்டு நிர்வாகத்தயும் பாத்த எலன் பென்கெத் மேல 1907ல 500 பவுண்டு திருடினாங்கன்னு கேஸ் போட்டு கோர்ட்டு வரைக்கும் இழுத்தாங்க, ஜூரி குற்றம் இல்லன்னு விட்டுடுச்சு, அதுக்கப்புறமும் குடும்பத்துக்கு அவங்க "திருட்டு சமையல்காரி" தான். படம் மாட்டுன அதே குடும்பம், இதையும் சேத்து தான் பாக்கணும்.

1973ல இந்த வீடு, பழைய வீடுகள பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அமைப்போட கைக்கு வந்தது. யார்க் குடும்பம் இருந்த வரைக்கும் மெயின் கரண்டே இழுக்காத வீடு, மேல ரூமெல்லாம் மங்கலா இருக்கும், அதனால வெயில் இருக்க நாளா பாத்து போங்க. நேரம் கம்மின்னா மேல ரூம்கள வேணா வேகமா பாத்துக்கலாம், சலவை ரூமயும் வேலைக்காரங்க ஹாலயும் மட்டும் அவசரப்படாம பாருங்க.