ஆய்வகத்திலிருந்து பேட்டன்ட் வேலைக்கு: மூன்று வழிகளில் எது யாருக்கு?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உயிரியல் ஆய்வில் இருக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, ஃபெலோஷிப் முடியப்போகுது. பேட்டன்ட் பக்கம் போகலாமா? அதுக்கு லா படிக்கணுமா?"

லா கட்டாயமில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, 21 வயது நிரம்பிய, அறிவியல் பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்கள் தேர்வெழுதி பேட்டன்ட் ஏஜென்ட் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதி, அலுவலகத்துக்குப் பதில் சொல்பவர்) ஆகலாம். ஆனால் இந்தத் துறைக்குள் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு வாழ்க்கை. ஒரே விண்ணப்பக் கோப்பை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பாலக்கோடு பக்கம் ஒரு கேழ்வரகு வயல் மண்ணிலிருந்து, மணிச்சத்தைக் கரைக்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை உயிர் உரமாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறீர்கள்.

முதல் வழி, பெங்களூரில் இருக்கும் தேடல் நிறுவனங்கள். இதே மாதிரி பாக்டீரியாவைப் பற்றி முன்பே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று எஸ்பாசெநெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தரவுத்தளங்கள், ஆய்விதழ்கள் எல்லாவற்றிலும் துழாவி அறிக்கை கொடுப்பதுதான் அங்கே வேலை. எம்.எஸ்சி. போதும், நுழைவது எளிது. ஓசூரில் வீடு இருந்தால் எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரலை நீங்கள் எழுதவே மாட்டீர்கள். அதிலேயே ஐந்தாறு வருடம் ஓடிவிட்டால், விண்ணப்பம் எழுதும் வரைவு வேலைக்கு மாறுவது சிரமம்.

இரண்டாவது, காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் வேலை. அதே கோப்பு இவர் மேசைக்கு வரும்போது ஆட்சேபங்கள் வரிசையாக எழும். இயற்கையில் இருக்கும் உயிரி கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது பிரிவு 3(சி). தாங்குபொருளோடு (பாக்டீரியாவைச் சுமக்கும் பொடி போன்ற பொருள்) கலந்தது வெறும் கலவை என்றால் 3(ஈ). வயலில் இடும் முறையைக் கோரினால் அது விவசாய முறை, 3(எச்). மண் எந்த ஊரில் எடுத்தது என்று விவரக்குறிப்பில் சொன்னீர்களா என்ற கேள்வியும் வரும். இந்த ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் ஆய்வறிக்கை போனபின் விண்ணப்பதாரர் ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். குரூப் ஏ பதவி, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடக்கம். பத்து ஆண்டு பணியாற்றி வெளியே வந்தால் தேர்வில்லாமலே ஏஜென்ட் ஆகலாம். ஆனால் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா என்று எங்கே போட்டாலும் போக வேண்டும். 2023 அறிவிப்பில் 553 இடங்கள் வந்தன. அப்படி வருடா வருடம் வருவதில்லை. வயது வரம்பும் உண்டு. வந்தால் கட்டாயம் எழுதுங்கள். அதற்காக வேறெதுவும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, சென்னையிலோ பெங்களூரிலோ காப்புரிமை அட்டர்னி அலுவலகத்தில் விண்ணப்ப வரைவு எழுதுவது. ஆய்வு செய்த கைக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த 3(ஈ) ஆட்சேபத்தையே பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல, பாக்டீரியா மட்டும், தாங்குபொருள் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று ஒரே பருவத்தில் எடுத்த அளவுகள் வேண்டும். சேர்ந்தது தனித்தனியின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தால்தான் வாதமே நிற்கும். இந்த அட்டவணை இருக்கிறதா என்று விண்ணப்பம் போடும் முன்பே விஞ்ஞானியிடம் கேட்க, சோதனை வைத்துப் பழகியவருக்குத்தான் தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழித் தீவனத்தில் சேர்க்கும் ஃபைட்டேஸ் நொதி நம் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குப் புதிதல்ல. அதைப் பற்றிய நோவோசைம்ஸ் வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குச் செயல்திறன் கூடாவிட்டால் காப்புரிமை இல்லை என்னும் 3(டி) மருந்துக்கு மட்டுமல்ல, நொதிக்கும் பொருந்தும் என்றது. கூடவே, வெப்பம் தாங்கும் திறன் கூடியதைச் செயல்திறன் கூடியதாக ஏற்கலாம் என்றும் சொன்னது. தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டில் நொதி கெட்டுப்போகும் என்பது தெரிந்தவருக்கு இந்தத் தீர்ப்பின் எடை உடனே புரியும்.

இங்கே ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் தேடல் நிறுவனத்தைவிடக் குறைவு. காலக்கெடு நெருக்கடி ஓயாது. எழுதியது முழுக்கத் திருத்தக்கோடுகளோடு திரும்பி வரும். முதல் வருடம் மனம் தளரும்; தாங்கிக்கொண்டால் கைக்கு வந்துவிடும்.

என் தீர்ப்பு இது. பிஎச்.டி. முடிக்கிறவர்கள் சம்பளம் குறைந்தாலும் வரைவு வேலைக்குப் போங்கள். வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டிய எம்.எஸ்சி.காரர்கள் தேடல் நிறுவனத்தில் சேருங்கள், ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே ஏஜென்ட் தேர்வுக்குப் படியுங்கள். இரண்டு தாள், ஒரு நேர்முகம். ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு, மொத்தத்தில் 60 வேண்டும். தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருந்தாலும், எல்.எல்.பி. மூன்று வருட முழுநேரப் படிப்பு. நீதிமன்றத்தில் வாதாட ஆசை வந்தபிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையை விடும் முன் ஒன்று செய்யுங்கள். காப்புரிமை அலுவலகத் தளத்தில் உங்கள் துறையிலேயே ஒரு விண்ணப்பத்தை எடுத்து, ஆய்வறிக்கையை மட்டும் படித்துவிட்டு, நீங்களே பதில் எழுதிப் பாருங்கள். அப்புறம் ஏஜென்ட் கொடுத்த பதிலைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அங்கே இலவசம்.