இலவசமாகக் கிடைக்கும் பேய்ப்படத்துக்கு 49.95 டொலர்: 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' 4கே பெட்டி

செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் கதையோடு ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த இந்தப் படத்தை யூடியூப்பில் தேடினால் முழுப்படமாகவே பல கொப்பிகள் கிடைக்கும். எல்லாமே இலவசம். பிறகு ஏன், பழைய படங்களைத் தரமாக டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்கக் கிரைட்டீரியன் கம்பனியின் மூன்று டிஸ்க் பெட்டியைக் கொழும்புக்கு வரவழைக்க வேண்டும்?

படம் இலவசமான கதையிலேயே பதில் இருக்கிறது. இதற்கு முதலில் வைத்த பெயர் 'நைட் ஒஃப் த ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. விநியோகக் கம்பனி பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பும் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. பிரிண்ட் கையில் கிடைத்தவர்கள் எல்லாம் வெளியிட்டார்கள். கொப்பியிலிருந்து கொப்பி எடுத்து எடுத்துக் கறுப்பு சாம்பலாகியது, வெள்ளை வெளிறியது, ஓரங்கள் வெட்டுப்பட்டன. இருட்டுக் காட்சிகளில் முகபாவமே தெரியாமல் போயிற்று.

இந்த வகைப் படங்களுக்கு அது சாதாரண நட்டம் அல்ல, ஏனென்றால் இவற்றின் ருசியே கைவேலை கண்ணுக்குத் தெரிவதில்தான் இருக்கிறது. செலவு ஏறக்குறைய 1,14,000 டொலர். மலிவு என்பதால் கறுப்பு வெள்ளை ஃபிலிம். இரத்தம் என்று வழிவது சொக்லேட் சிரப். பிணங்கள் தின்னும் குடலும் இறைச்சியும் படத்தில் பணம் போட்ட இறைச்சிக்கடைக்காரர் கொடுத்தவை. இசைகூடப் புதிதாக அமைத்ததல்ல. இசைக் களஞ்சியத்திலிருந்து வாடகைக்கு எடுத்த துண்டுகள். அவற்றில் சில 1959இல் வந்த ஒரு மலிவான வேற்றுக்கிரகப் படத்திலும் ஒலித்தவை. இவ்வளவு இருந்தும் ஒருவர்கூட விளையாட்டுக்கு நடிக்கவில்லை. நாயகன் டுவேன் ஜோன்ஸ் பிணங்களைத் தடுக்கக் கதவுக்குப் பலகை அடிப்பதைப் பாருங்கள், உயிர் அந்த ஆணியில் தொங்குகிறது. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே அடுப்புக்கு விறகாக வைத்ததை நம் சனம் ரசித்ததும் இப்படித்தான். தந்திரம் தெரியும், தெரிந்துகொண்டே பயப்படுவதில் ஒரு தனிச் சுகம்.

அந்தச் சுகத்தை இந்த டிஸ்க் திருப்பித் தருகிறது. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகமும் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மூல நெகட்டிவிலிருந்து 4கேயில், அதாவது மிக நுணுக்கமான டிஜிட்டல் தரத்தில், புதுப்பித்த பிரதி இது. கறுப்பு நல்ல கறுப்பாக நிற்கிறது, அதற்குள்ளே சுவரும் மரப்படியும் தெரிகின்றன. சிரப் தடிப்பாக வழிவது தெரிகிறது, இறந்தவர்களின் கண்ணைச் சுற்றிய மைப்பூச்சும் தெரிகிறது. ஒலி மொனோதான். ஆனால் வானொலி அறிவிப்பாளரின் ஒவ்வொரு சொல்லும் இப்போது தெளிவு, அறிவிப்பு தெளிந்தால்தான் கதையின் பதற்றமும் ஏறும்.

இனி வாங்குவோர் கவனிக்க வேண்டியது. பெட்டியில் ஒரு 4கே டிஸ்க், இரண்டு புளூரே. 4கே டிஸ்க்குக்குப் பிராந்தியப் பூட்டு (உலகை A, B, C என்று பிரித்து, ஒரு பிராந்திய டிஸ்க்கை வேறு பிராந்தியப் பிளேயர் வாசிக்காமல் தடுப்பது) இல்லை, ஆனால் சாதாரண புளூரே பிளேயர் அதை வாசிக்காது. 4கே பிளேயர் வேண்டும், அல்லது டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5. புளூரே இரண்டும் A பிராந்தியம். இலங்கை C. கொழும்புக் கடைகளில் கிடைக்கும் பிளேயர்கள் எல்லாம் ஒரே சந்தைக்குச் செய்தவை அல்ல: சிங்கப்பூர், ஜப்பான் மொடல் என்றால் A, துபாய் வழியாக வந்தது என்றால் பெரும்பாலும் B. பின்பக்க முத்திரையில் அந்த எழுத்தைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். அமெரிக்க மொடலாக இருந்தால் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 120 என்றால் நம் 230 வோல்ட்டில் எரிந்துபோகும்.

பலர் கோட்டை விடுவது ரீவி அமைப்பில். படம் 1.37:1 அளவு, எனவே இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். 'ஃபுல்', 'ஸூம்' போட்டால் ரொமேரோ சாய்த்துச் சாய்த்து வைத்த கெமராக் கோணங்கள் தலையில்லாமல் போகும். அசைவை வழுக்கலாக்கும் வசதியையும் நொய்ஸ் ரிடக்‌ஷனையும் நிறுத்துங்கள். பிந்தையது ஃபிலிமின் மணல்மணலான தன்மையை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும், முகங்கள் மெழுகுபோல் ஆகும். ஷார்ப்னெஸ்ஸையும் நன்றாகக் குறையுங்கள்.

குறைகள் உண்டு. தமிழ் உபதலைப்பு கிடையாது, ஆங்கிலம் மட்டும். அஞ்சல் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் விலை கையைக் கடிக்கும். அதற்காக மலிவாகக் கிடைக்கிறதே என்று 1986இன் நிறம் பூசிய பதிப்பையோ, புதுக் காட்சிகளும் புது இசையும் செருகிய 1999 பதிப்பையோ எடுக்க வேண்டாம். முன்னதில் பிணங்கள் பச்சை நிறம், பின்னது வேறு படமே.

கூடுதல் காணொளிகள் புளூரேயில்தான் இருக்கின்றன. A பிளேயர் இல்லாதவர்களுக்குப் பெட்டியின் பாதிப் பயன் போய்விடும். குறிப்பாக 'நைட் ஒஃப் அனூபிஸ்' என்ற பெயரோடு இருந்த, இறுதி வடிவத்துக்கு முந்திய படத்தொகுப்புப் பிரதியும், 16 மிமீ படப்பிடிப்புத் துண்டுகளும். இறுதிப் பிரதியைப் பார்த்த கையோடு அந்தத் தொகுப்புப் பிரதியையும் போட்டு, எந்த இடத்தில் எதை வெட்டினார்கள் என்று காட்சி காட்சியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.