செக்கப் ஓ.பி.யில் மூன்று வருடம்: டேப்பில் கேள்வித்தாள் வாங்கிய அனுபவம்

மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து செக்கப்புக்கு வருகிறவர்களிடம் வாழ்க்கைத்தரக் கேள்விகள் கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. காகிதத்தை விட்டு டேப்புக்கு (தொடுதிரை டேப்லெட்) மாறி மூன்று வருடமாகிறது. கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவச் செயலியில் செய்கிறோம். நெட் இல்லாவிட்டாலும் பதில்களைச் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும்.

ஆரம்பத்தில் பட்ட பாடெல்லாம் விரல்களால்தான். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் பலருக்கு விரல் நுனி மரத்திருக்கும். பட்டதா இல்லையா தெரியாமல் இரண்டு மூன்று தடவை அழுத்துவார்கள், வேறு பதில் விழுந்துவிடும். ரப்பர் முனை டச் பேனாவும், பக்கத்துக்கு ஒரே கேள்வியும் வைத்த பிறகு சரியானது. கை வீக்கம் உள்ளவர்களுக்குத் தலையணை மேல் வைத்துக் கொடுக்கிறேன்.

எல்லாருக்கும் பொதுவான வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளான கியூஎல்கியூ-சி30-இல் 30 கேள்விகள். முதல் 28-இல் எண் கூடினால் தொல்லை கூடுதல். கடைசி இரண்டில் 1 முதல் 7 வரை, எண் கூடினால் நலம். காகிதத்தில் அதே வேகத்தில் 1-ஐ வட்டமிட்டு, நன்றாக இருக்கிறவரே 'மிக மோசம்' என்று பதிவாகிவிடுவார். இப்போது அந்த இரண்டும் தனித்தனிப் பக்கம், அங்கே வந்ததும் நானே பக்கத்தில் போய் நிற்கிறேன்.

டேப்பின் உண்மையான பலன் ஹெட்போனில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு முன்பெல்லாம் மகனோ மருமகளோ வாசித்துக் காட்டுவார்கள். கர்ப்பப்பை வாய்க்கான சிஎக்ஸ்24 தாளில் தாம்பத்தியம், பிறப்புறுப்பு வறட்சி பற்றியெல்லாம் கேள்விகள் உண்டு. மருமகள் வாசித்தால் எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை'தான். கேள்விகளைப் பேசிப் பதிவு செய்து காதில் மாட்டிவிட்டோம். ரேடியேஷன் முடித்த ஒரு அம்மா முதன்முறையாக வலி என்று தொட்டார். கேட்டதற்கு, "மனுசங்ககிட்ட எப்படிச் சொல்றது கண்ணு, பொட்டிதானே கேட்டுச்சு" என்றார்.

ஆனால் அந்தப் பதில் ஆய்வுக் கணக்குக்குப் போனதே தவிர, டாக்டர் கண்ணில் படவில்லை. ஆறு மாதம் கழித்து வந்தவர், "போன தடவையே சொன்னேனே, யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்கப்புறம்தான் முறையை மாற்றினோம்: வலி, வறட்சி, மனச்சோர்வு எதிலாவது அதிகம் என்று தொட்டிருந்தால், அவர் உள்ளே போவதற்கு முன்பே ஒரு சீட்டில் எழுதி கேஸ் ஷீட்டில் செருகிவிடுகிறேன். அந்த அம்மாவுக்கு டைலேட்டர் (ரேடியேஷனுக்குப் பிறகு பிறப்புறுப்புப் பாதை சுருங்காமல் இருக்க உதவும் கருவி) பயன்படுத்தும் முறையை அன்றைக்கே சிஸ்டர் தனி அறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.