பல செயலிகள், ஐந்து ஆண்டுகள், என் மனைவியின் ஒரு கேள்வி

ரங்கூனில் தெய்ஞ்சி சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்கு மசாலாக் கடை இருக்கிறது. மல்லி, மஞ்சள், சோம்பு, கோயிலுக்குக் கற்பூரம், சாம்பிராணி. பர்மாவில் பெரும்பாலோருக்கு இணையம் என்றாலே பேஸ்புக்தான். பல லட்சம் கியாட் கொடுத்து சிம் வாங்கிய நாட்டில், 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு விற்றதும் எல்லோர் கையிலும் கைப்பேசி ஏறியது; கைப்பேசியோடு பேஸ்புக்கும் ஏறியது. கடைக்கு நேரில் வருகிறவர்களைவிட பேஸ்புக் பக்கத்தைப் பார்த்து மோல்மேன், தட்டோன், மாந்தளை என்று வெளியூரிலிருந்து கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமாகிவந்த நேரத்தில்தான் 2021 பிப்ரவரி வந்தது.

ஒன்றாம் தேதி அதிகாலை ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. 4ஆம் தேதி பேஸ்புக் போயிற்று. 5ஆம் தேதி ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும். 6ஆம் தேதி இணையமே நின்று மறுநாள் திரும்பியது. 15ஆம் தேதியிலிருந்து தினமும் இரவு ஒரு மணிக்கு நிற்கும், காலை ஒன்பதுக்கு வரும். மார்ச் 15இல் கைப்பேசி டேட்டா நின்றது. ஏப்ரல் 2இல் கம்பியில்லா பிராட்பேண்டும் அதன் பின்னால் போனது. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் மட்டும் ஃபைபர் கேபிள் இழுத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா வைஃபை கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவைத்தார். மாலையில் அந்தப் படிகளில் இருபது பேராவது உட்கார்ந்திருப்போம். தடை என்பது ஒன்று, துண்டிப்பு என்பது இன்னொன்று என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். விபிஎன் என்பது தரவைப் பூட்டி, சுரங்கம் போல வேறொரு சர்வர் வழியாகக் கடத்தித் தடையைத் தாண்டவைக்கும் செயலி. துண்டித்துவிட்டால் எந்த விபிஎன்னும் கைப்பேசித் திரையில் வெறும் படம்.

முதல் நாளே ஊர் முழுக்க பிரிட்ஜ்ஃபை என்ற செயலியை இறக்கியது. இணையம் இல்லாமல் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி கடத்தும். சந்தைக்குள் பத்துக் கடை தள்ளியிருப்பவரிடம் சில்லறை கேட்கலாம். செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் அதன் குறியாக்கத்தில் ஓட்டைகள் இருப்பதை லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020இலேயே காட்டியிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சில்லறை கேட்க நல்ல செயலி.

தொடக்கத்தில் தடைகள் அவ்வளவு கெட்டியாக இல்லை. ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்ல வேண்டியது டிஎன்எஸ் சர்வரின் வேலை. தடைசெய்த தளத்தைக் கேட்டால் அது பொய் சொல்லும், இல்லை வாய் திறக்காது. கைப்பேசி அமைப்பில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றி வேறு சர்வரைக் கேட்டதும் சில தளங்கள் திறந்தன. பேஸ்புக்கிடம் இந்த வித்தை செல்லவில்லை.

பேஸ்புக்குக்காகத்தான் சைஃபன் வந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபில் பிறந்த செயலி. ஒரே வழியை நம்பாமல் பல வழிகளைத் தட்டிப் பார்த்து, எது திறக்கிறதோ அதில் நுழைந்துகொள்ளும். இலவசம், அதற்கேற்ற வேகம். பெருங்காய டப்பாவின் படத்தை நான் ஏற்றி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் என்னை மிகக் குறைவாகக் கைவிட்டது அதுதான். தடையைத் தாண்டுவதற்கு மட்டுமே இது, ஆளை மறைப்பதற்கு அல்ல என்று செய்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மைக்காகவே இன்னும் வைத்திருக்கிறேன்.

மற்ற இலவச விபிஎன்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. பக்கத்துக் கைப்பேசிக் கடைப் பையன் ஐந்தாறை ஏற்றிக் கொடுத்தான். ஒன்று என் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டது. சுரங்கம் தோண்டுகிறவனுக்கு என் மாமியார் வீட்டு எண் எதற்கு? இன்னொன்றில் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அரை நிமிடம் விளம்பரம். 2020 ஜூலையில் ஹாங்காங்கோடு தொடர்புடைய ஏழு இலவச விபிஎன்களின் பயனர் பதிவுகள் பூட்டில்லாத சர்வரில் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏழுமே எந்தப் பதிவும் வைப்பதில்லை என்று எழுதி வைத்திருந்தவை. இதைப் படித்த இரவே மூன்றை அழித்தேன். மீதி இரண்டை அழிக்க ஏன் இன்னொரு வாரம் ஆனது என்று கேட்டால் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு காசு கொடுத்து வாங்கினேன். எங்கள் வங்கி அட்டை வெளிநாட்டில் செல்லாததால் தங்கைதான் சென்னையிலிருந்து கட்டினாள். இந்தியாவில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்தால் ரங்கூனுக்குப் பக்கம், வேகமும் நன்றாக இருந்தது. 2022இல் இந்திய அரசு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டது. பெரிய நிறுவனங்கள் பலவும் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. அதிலிருந்து சிங்கப்பூர்தான். சென்ற வாரம் வியாசர்பாடியில் தங்கை வீட்டுக்கு வந்து இறங்கியதும் என் மனைவி டிக்டாக்கைத் திறந்தாள், திறக்கவில்லை. இங்கே 2020 ஜூனிலிருந்தே தடை. பழக்க தோஷம், விரல் தானாக விபிஎன் பக்கம் போனது. ரங்கூன்காரிக்குச் சென்னையிலும் ஓய்வில்லை.

2024 மே மாதக் கடைசியில் ஆட்டமே மாறியது. அதுவரை தளங்களைத் தடுத்தவர்கள் விபிஎன்னையே தடுக்கத் தொடங்கினார்கள். ஒரு காலை நான் காசு கொடுத்த செயலி 'இணைக்கிறது' என்று சுழன்றுகொண்டே இருந்தது. மதியம்வரை சுழன்றது. விபிஎன் உள்ளே இருப்பதைப் பூட்டி அனுப்புகிறது. ஆனால் பூட்டின் வடிவத்தைப் பார்த்தே 'இது விபிஎன்' என்று சொல்லிவிட முடியும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் போன்ற முறைகள் பேச்சைத் தொடங்கும் விதத்திலேயே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். சரக்கு மூட்டையைப் பிரிக்காமல் முகர்ந்தே இது சோம்பு, இது சீரகம் என்று நான் சொல்வேனே, அது போலத்தான். வழியில் போகிற தரவை இப்படி முகர்ந்து பிரிக்கும் கருவிகளைச் சீன நிறுவனம் ஒன்று கொடுத்திருக்கிறது என்று பின்னால் மனித உரிமை அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன.

ஆகவே வாசனையை மறைக்கிற செயலிகள் தேவைப்பட்டன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் அங்கே மாதச் சந்தாவுக்கு ஒரு சர்வர் எடுத்து, அவுட்லைன் நிறுவி, எனக்கு ஒரு சாவி அனுப்பினான். கூகுளின் ஜிக்சா பிரிவு உருவாக்கியது. உள்ளே ஓடுவது ஷேடோசாக்ஸ் என்ற முறை. சாவி என்பது ஒரு நீளமான எழுத்து வரிசைதான், செயலியில் ஒட்டினால் வேலை முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் நுழையும் பிரபல சர்வர்களைக் கண்டுபிடித்து மறிப்பது எளிது. நாங்கள் ஆறு பேர் மட்டும் போகிற சந்து பல மாதங்கள் கண்ணில் படாமல் இருந்தது. பிறகு அதுவும் ஒருநாள் நின்றது. மருமகன் சர்வரை மாற்றிப் புதுச் சாவி கொடுத்தான். இதுவரை நான்கு சாவிகள் ஆகிவிட்டன. நான் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பது அவன் நினைத்தால் தெரியும். தெரியட்டும். அக்கா மகன்தானே.

டார் உலாவியையும் சொல்ல வேண்டும். மூன்று சர்வர்கள் வழியாகச் சுற்றிப் போவதால், நான் யார், எங்கே போகிறேன் என்ற இரண்டையும் சேர்த்து அறிந்தவர் வழியில் எவரும் இல்லை. நேராகத் திறந்தால் திறக்காது, பிரிட்ஜ் என்ற மறைவான நுழைவாசல் வேண்டும். ஸ்னோஃபிளேக் என்ற பிரிட்ஜ், எங்கோ ஒரு தன்னார்வலரின் உலாவி வழியாக, காணொளி அழைப்பு போன்ற தோற்றத்தில் போகிறது. அழகான யோசனை. ஆனால் மிளகு விலை பார்க்க அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை; இரவில் செய்தி படிக்க மட்டும்.

இவ்வளவையும் ஒருநாள் மனைவியிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "இது யாருக்குத் தெரியக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள்."

என்னிடம் பதில் இல்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேனே தவிர, யாரிடமிருந்து என்று யோசித்ததே இல்லை. அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கேபிள்காரருக்குத் தெரியக் கூடாதென்றால் விபிஎன் போதும். விபிஎன்காரருக்கே தெரியக் கூடாதென்றால் டார். பேஸ்புக்குக்குத் தெரியக் கூடாதென்றால் இரண்டுமே உதவாது; சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு உள்ளே போய்விட்டு எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? பேஸ்புக்கில் எழுதிய ஒரு வரிக்காகத் தண்டனைச் சட்டத்தின் 505(அ) பிரிவில் சிறைக்குப் போனவர்களை எந்த விபிஎன்னும் காப்பாற்றவில்லை. அவர்கள் எழுதியது எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தது. பணப்பரிமாற்றச் செயலிக்கும் இதே கதை. எண்ணும் அடையாள அட்டையும் கொடுத்துத் திறந்த கணக்கு அது. போதாக்குறைக்கு விபிஎன் போட்டிருந்தால் திறக்கவும் மாட்டேன் என்கிறது.

கடைசியில் எஞ்சியவர் பாலத்தடியில் நிற்கிற சிப்பாய். "போன் ப்யா" என்று கையை நீட்டுவார். காட்டு என்கிறார். அவருக்குக் குறியாக்கம் தெரிய வேண்டாம், கண் இருந்தால் போதும். படங்கள், பேஸ்புக், விபிஎன் சின்னம் என்று வரிசையாகத் தேடுவார். விபிஎன் வைத்திருந்தார்கள் என்று தெருவிலேயே பணம் பிடுங்கிய செய்திகள் 2024 ஜூனிலிருந்து வந்தன. 2025 ஜனவரி 1இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்து, ஜூலை 30இல் நடைமுறையானது: அனுமதியின்றி விபிஎன் அமைத்தாலோ வழங்கினாலோ ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 10 லட்சம் முதல் 1 கோடி கியாட் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் வெறும் பயனர்தான், சட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு பாலத்தடியில் வாதாடலாம். வாதாடியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அந்த உரையாடலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு கைப்பேசிகள். நல்லது கடையை விட்டு வெளியே போகாது. அதில்தான் சாவியும் சைஃபனும் டாரும். வெளியே போவது திரை விரிசல் விட்ட பழையது. அதில் கோயில் திருவிழாப் படங்கள், பேரனின் படங்கள், ஒரு சமையல் காணொளி. முற்றிலும் வெறுமையாக இருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்று சமையல் காணொளியை வைத்தவள் மனைவி. குடும்பப் பேச்சுக்கு சிக்னல் என்ற செய்திச் செயலி, செய்திகள் ஒரு நாளில் தானாக அழியும்படி. முதலில் ஒரு வாரம் என்று வைத்திருந்தோம். தெரிந்த பையன் ஒருவனைப் பேருந்திலிருந்து இறக்கியதற்குப் பிறகு ஒரு நாள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் வாடகையை மருமகன் வாங்கிக்கொள்ள மறுக்கிறான். பதிலுக்கு மசாலா பொட்டலம் போகிறது. 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி, இணையக் கட்டணத்துக்கு 15 சதவீத வணிக வரி. 1,500 கியாட்டுக்கு சிம் வாங்கிய கைகளுக்கு அது பெரிய அடி. விபிஎன் ஓடினால் டேட்டாவும் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், மின்கலமும் சீக்கிரம் இறங்கும். மின்சாரமோ முறைவைத்து வருகிறது. மின்சாரம் இல்லாதபோது சாவியைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை, கைவிசிறியைத் தேடுகிறோம்.

வியாழக்கிழமை எங்களுக்கு விமானம். இங்கே வந்ததிலிருந்து ஏற்றியதையெல்லாம் நேற்று இரவு அழித்தேன். மனைவியின் டிக்டாக்கைத் தேடித்தந்த செயலியும் போயிற்று, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இதை என் கைப்பேசியில் எழுதவில்லை. தங்கை மகளின் கணினியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். முடித்ததும், "மாமா, சேமிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

சேமித்துக்கொள், என் பெயரை மட்டும் எடுத்துவிடு என்றேன்.